மணிக்கட்டில் ஒரு காடு

நவம்பர் 3, ஞாயிறு

ஊரெல்லாம் டீ குடிக்கக் காசு கொடுக்கிறது. என் அம்மா டீயைத் துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறாள். குன்னூரில் ஒரு தேயிலை ஏலக் கம்பெனியில் அவள் டேஸ்டர். பெயர் தமயந்தி. வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டியை விட்டு, விசிலடிப்பது போல 'ஸ்ர்ர்ப்' என்று உறிஞ்சி, மூக்கின் பின்வாசல் வரை ஏற்றிவிட்டுத் துப்புவாள். "இதுல புகை ஏறியிருக்கு" என்று அவள் எழுதினால் அந்த டீ ஏலத்தில் படுத்துவிடும். அம்மாவின் தொழில் துப்புவது. என் தொழில் துப்புக் கிடைக்காமல் தப்புவது.

அந்த மூக்குக்காக எங்கள் வீட்டில் ஊதுபத்தி கிடையாது. சாம்பிராணி, பூ, வாசனை சோப்பு கிடையாது. சாமி படத்துக்குக்கூடப் பிளாஸ்டிக் மாலைதான். அப்பா ராஜாமணி டாக்ஸி ஓட்டுகிறார். ஊட்டி மலையில் கண்ணாடியில் வாசனை அட்டை தொங்காத ஒரே டாக்ஸி அதுவாகத்தான் இருக்கும்.

செப்டம்பரில் நான் டியூஷனுக்குக் கட் அடித்துவிட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே நிறுத்தி என் தலையைக் கீழே இழுத்து முகர்ந்தாள். "பஜ்ஜி எண்ணெய், பெட்ரோல், அல்போன்ஸ்" என்றாள். என் சிநேகிதனை அவன் தேங்காய் எண்ணெயை வைத்தே கண்டுபிடித்தாள். அதற்குப் பழி வாங்க வேண்டும். அதன்பிறகு இரண்டு முறை கட் அடித்தும் மாட்டவில்லை. என் திறமை கூடிவிட்டது.

ஆயுதம் கிடைத்தாயிற்று. தீபாவளிக்கு தோஹாவிலிருந்து வந்த சாருலதா சித்தி ஒரு செண்ட் பாட்டில் கொடுத்தாள். "ரிட்டையர் ஆனப்புறம் போட்டுக்கக்கா!" அம்மா அதைத் தொடக்கூட இல்லை. பிஸ்கட் டப்பாவில் வைத்து விறகுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். வாசத்துக்கே வனவாசம். பாட்டிலின் அட்டைப்பெட்டியில் மரங்களுக்கு நடுவே ஒரு மான் நிற்கிறது, வாயில் ரோஜா.

நாளை மான் வேட்டை.

நவம்பர் 4, திங்கள்

மணிக்கட்டில் இரண்டு முறை, ஸ்வெட்டர் கழுத்தில் ஒரு முறை அடித்தேன். சாத்துக்குடித் தோலைக் கண்ணில் பீய்ச்சியதுபோல ஒரு சுரீர். அடுக்களையில் அம்மாவைச் சுற்றிப் பிரதட்சணம் வந்தேன்.

"தண்ணி பாட்டில் எடுத்தியா?" என்றாள்.

அவ்வளவுதான். இது நடிப்பு. இந்த வீட்டில் நடிப்பு என் டிபார்ட்மெண்ட்.

பள்ளிக்கூடத்தில் அல்போன்ஸ் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தான். "டேய் வேந்தா, உங்க வீட்ல யாருக்குடா வளைகாப்பு?" மதியத்துக்குள் என் பெயர் இளவேந்தனிலிருந்து 'இளரோஜா' ஆகிவிட்டது. இதையெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காதது வேறு. மூன்றாவது பீரியடில் போர்டைப் பார்ப்பதற்காகக் கன்னத்தைக் கையில் தாங்கினேன். சாத்துக்குடி போயே போய்விட்டது. அங்கே ஒரு ரோஜா இருந்தது. அதுவும் புதுசாகப் பறித்து, தண்ணீர் தெளித்து, கோயில் வாசலில் விற்கிற ரோஜா இல்லை. பவுடர் டப்பாவுக்குள் பஞ்சுக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் குடியிருந்த ரோஜா. மாவு மாவாக, மெத்தென்று இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கழுத்து மடிப்பில் பவுடர் போடுவார்களே, அந்த இடம்.

கடைசிப் பீரியடில் அதுவும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த சோலைக்காட்டில் பாசி பிடித்த மரத்தை உரசிக்கொண்டு நடந்தால் சட்டையில் ஒட்டுமே, அது இருந்தது. ரோஜா எங்கேயோ அந்த மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

நான் எதுவும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் ஒரே நாளில் மூன்று ஊர்.

(இதை அல்போன்ஸிடம் சொல்லப்போவதில்லை.)

நவம்பர் 5, செவ்வாய்

இன்று ஏழு முறை அடித்தேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு கேட்டிலேயே தும்ம ஆரம்பித்தார்.

"எவன்டா கல்யாண மண்டபத்த வீட்டுக்குள்ள இழுத்துட்டு வந்தவன்?"

உள்ளே அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகிக்கொண்டிருந்தது. அப்பா கருகின தோசையைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். என்னை யாருமே பார்க்கவில்லை. ஏழு முறை அடித்தவனுக்கு இது பெரிய அவமானம்.

"அம்மாக்கு சளி. போய்க் குளி" என்றார் அப்பா.

நவம்பர் 6, புதன்

சளி பிடித்தவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். அம்மா உறிஞ்சவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ அம்மாவின் கையால்தான். வேறு யாரும் இலை டப்பாவைத் திறக்கக்கூடாது. இன்று நான் திறந்தேன். ஒரு சிட்டிகை பெருங்காயத்தூளை இலையோடு கலந்தேன். கெட்டிலில் வெந்நீர் விழுந்ததும் நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். சாம்பார் கொதிப்பதுபோல இருந்தது.

அம்மா கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தாள். 'ஸ்ர்ர்ப்'. வாயில் சுழற்றினாள். விழுங்கினாள்.

"நல்ல பிரைட்டா இருக்கு" என்றாள்.

அப்பா தன் கோப்பையை மூக்குவரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு மடக்கென்று முழுவதையும் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. இதுவரை நான் பார்த்த நடிப்பிலேயே பெரிய நடிப்பு அதுதான்.

நான் செய்த குறும்புகளில் முழு வெற்றி பெற்றது இது ஒன்றுதான். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் என் முகம் என்னவோ ஆயிற்று. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் முகங்களை ரொம்ப உன்னிப்பாகப் பார்க்கிறாள்.

"என்னடா போட்ட?"

"ஒண்ணும் இல்லம்மா."

"திட்ட மாட்டேன். என்னத்தப் போட்டன்னு சொல்லு."

"பெருங்காயம்."

அம்மா கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்து இழுத்து இழுத்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் டீ ஒட்டியிருந்தது.

"தண்ணி மாதிரி இருக்கு" என்றாள் அப்பாவிடம். "வெறும் சுடு தண்ணி மாதிரி."

போன மாதம் வந்த காய்ச்சலோடு வாசனை தெரிவதே போனதாம். கோயம்புத்தூர் டாக்டர், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். நாக்கு இருக்கிறது. கசப்பு, துவர்ப்பு தெரியும். ஆனால் டீயின் பாதி உயிர் மூக்கில். அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

"அப்புறம் எப்படிம்மா வேல பாக்கற?"

"நிறம் பாக்கறேன். நாக்குல பிடிக்கறதப் பாக்கறேன். மிச்சத்துக்கு ஷைனி மூஞ்சியப் பாக்கறேன்." ஷைனி அக்கா அவளுக்கு உதவியாகப் பக்கத்தில் நின்று ருசி பார்க்கிற ஜூனியர். "அவ மூஞ்சி சுளிச்சா அது புகை. புருவம் ஏறுனா நல்ல டீ."

"சொல்லிடலாம்ல?"

"சொன்னா அந்த மேசைல எனக்கு என்ன வேலை?"

முன்பு நடந்தது வனவாசம். இப்போது நடப்பது அஞ்ஞாதவாசம். இந்தச் சிலேடையை அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 11, திங்கள்

டாக்டர் சொன்ன வைத்தியம்: தினமும் நாலு வாசனையை முகர வேண்டும். எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், ரோஜா. முகர்ந்துகொண்டே அது எப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டும். மூளைக்கு வழி மறந்துபோகாமல் இருக்க.

எலுமிச்சையும் கிராம்பும் அடுக்களையில் இருக்கின்றன. தைலம் இந்த ஊரில் கடைக்குக் கடை விற்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது, அப்பா வாங்கிவந்தார். ரோஜாவுக்கு என்ன செய்வது என்று அவர் தலையைச் சொறிந்தபோது நான் விறகுக் கொட்டகைக்குப் போய் பிஸ்கட் டப்பாவோடு வந்தேன்.

அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பாதி காலி. என்னைப் பார்த்தாள்.

"ஆவியாயிடுச்சு போல" என்றேன்.

"ஆமா, ஸ்வெட்டர் மேல ஆவியாயிருக்கும்." நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

என் மணிக்கட்டில் அடிக்கச் சொன்னாள். காகிதத்தில் அடித்தால் அது செத்த வாசனை, தோல் சூட்டில்தான் நடக்குமாம். என் கையைப் பிடித்து முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லு. எப்படி இருக்கு?"

"செமயா இருக்கு."

"அது வார்த்தை இல்ல."

"ரோஜா மாதிரி."

"எந்த ரோஜா? எப்ப பறிச்சது? ஈரமா, காஞ்சதா? நக்கல் வேணாம் வேந்தா, எனக்கு வார்த்தை வேணும்."

வார்த்தையை வைத்து விளையாடத்தான் எனக்குத் தெரியும். இப்போது ஒருத்தி அதை மூக்குக்குப் பதிலாகக் கேட்கிறாள். பவுடர் டப்பா, பஞ்சு, குழந்தையின் கழுத்து மடிப்பு என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "கழுத்து மடிப்பு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "உனக்கு அப்படித்தான் பவுடர் போடுவேன். வாசனை இல்லாத பவுடர்தான். ஆனாலும் தெரியுது, சொல்லு சொல்லு."

நவம்பர் 14, வியாழன்

காலையில் ஒருமுறை, பள்ளிவிட்டு வந்ததும் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை. கையை நீட்ட வேண்டும். "இப்ப?" என்பாள். நான் சொல்ல வேண்டும்.

இந்த செண்டைப் பற்றி நான் கண்டுபிடித்தவை: வெயிலில் ரோஜா எழுந்து முன்னால் வரும். பனிமூட்டத்தில் தோலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், குனிந்தால்தான் தெரியும். கம்பளியில் நாள் கணக்கில் கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்த ஸ்வெட்டரில் மழைத்துளி விழுந்தால் எழுந்து உட்காரும். ஓடி வந்து மூச்சு வாங்கும்போது பவுடர் புகைபோல எழும்பிக் கழுத்திலிருந்து முகத்துக்கு வரும்.

இன்று சிம்ஸ் பார்க் பக்கம் நடந்து வரும்போது மேகம் ரோட்டுக்கு இறங்கியது. எதிரே வருகிற பஸ்கூடத் தெரியவில்லை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அந்த வெள்ளைக்குள் என் கையைத் தூக்கி முகர்ந்தேன். மேகத்தின் வாசமும் கையின் வாசமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. ஈர மரப்பட்டை, பாசி, நடுவில் எங்கேயோ யாரோ பவுடர் பூசிக்கொண்டு இப்போதுதான் நடந்து போனது போல. நடுரோட்டில் நின்றுவிட்டேன். சாமி கும்பிடும்போது எனக்கு எப்போதும் பசிதான் வரும். இன்று அங்கே நின்றபோது வந்தது என்ன என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது.

ஜீப்காரர் ஒருவர் ஹாரன் அடித்து, "ஏன் தம்பி, ரோட்ட வாங்கிட்டியா?" என்றார்.

பதினாறு வருடமாக இந்த மூக்கு என் முகத்தில்தான் இருந்தது. அம்மாவின் உலகம் தினமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அதைத்தான் இழந்திருக்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

சாயங்காலம் கையை முகர்ந்த அம்மா, "பாசி! மரப்பாசி வருது!" என்று கத்தினாள். அப்பா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

எனக்குச் சந்தேகம். சாயங்காலம் என்றால் பாசி என்று நான்தான் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறு கையை நீட்டினேன். அதில் இன்று எதுவுமே அடிக்கவில்லை.

"இதுலயும்தான்... பாசி" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"உன் வார்த்தையத்தான் மோந்திருக்கேன்" என்றாள்.

அப்பா அடுப்பை அணைக்கப் போய்விட்டார்.

நவம்பர் 18, திங்கள்

ஷைனி அக்கா இன்று கன்னம் வீங்கி வேலைக்கு வந்தாளாம். சனிக்கிழமை கடவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையே உயிர் போகிற வலியாம்.

அம்மாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு டீக்கு ஷைனி முகம் சுளித்தாள். அம்மா 'புகை' என்று எழுதினாள். சின்னத் தோட்டக்காரர்கள் பல பேர் சேர்ந்து நடத்துகிற ஃபேக்டரியின் டீ அது.

"அந்த டீ எப்படி இருந்துச்சு ஷைனி?" என்று கேட்டிருக்கிறாள்.

"சூப்பரா இருந்துச்சு மேடம். நீங்க ஏன் புகைன்னு எழுதுனீங்கன்னு எனக்கே புரியல. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்? என் மூக்குலதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

ஒரு பல்வலியைப் பார்த்து ஒரு மலையின் டீயை அம்மா கெடுத்துவிட்டாள். ஏலம் வியாழக்கிழமை. மாற்ற வேண்டும் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

அப்பா சொன்னார்: "ஏலத்துல ஒரு லாட்டு டீதான தமயந்தி. அடுத்த வாரம் அவங்களுக்கு நல்லா எழுதிட்டாப் போச்சு."

"அடுத்த வாரமும் எனக்கு எப்படிங்க தெரியும்?"

"மூக்கு வந்துரும்."

"மூக்கு போனது வியாதிங்க. நல்ல டீயப் புகைன்னு எழுதுனது பொய். அதுக்கும் வியாதின்னு பேர் வைக்க முடியாது."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. தேடிப் பார்த்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அப்பாவின் டாக்ஸியில் மூவரும் போனோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், முகர்வதற்காக இல்லை.

இரண்டு முறை குளித்து, சட்டை மாற்றிப் போயும் வாட்ச்மேன் தாத்தா என்னை கேட்டில் நிறுத்தினார். "தம்பி, செண்ட் போட்டவங்க உள்ள வரக்கூடாது. வெளியவே நில்லு." அதனால் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, ஹைட்ரேஞ்சியா செடிக்குள் நின்று பார்த்தேன்.

நீள மேசை. வெள்ளைக் கிண்ணங்கள். போபண்ணா சார்தான் அங்கே எல்லாருக்கும் மேலே. அம்மா அவர் முன்னால் நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. ஆனால் ஒருமுறை தன் மூக்கைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கையில் ஒன்றும் இல்லை என்று குழந்தைகள் காட்டுவது போல. மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். ஷைனி அக்கா வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போபண்ணா சார் எழுந்து, தானே அந்த டீயைத் திரும்பப் போட்டார். ருசி பார்த்தார். ஷைனியும் பார்த்தாள். பிறகு அவர் பேனாவை எடுத்துப் பழையதை அடித்துப் புதிதாக எழுதினார். அம்மா ஏப்ரனை அவிழ்த்து மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். மூலைக்கு மூலை சரியாக வரும்வரை.

எங்கள் பள்ளியில் யார் மாட்டிக்கொண்டாலும் ஒரு பொய் தயாராக இருக்கும். நானே அல்போன்ஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டிக்கொள்ளாத ஒருத்தி, தானாக நடந்துபோய், எல்லார் முன்னாலும் கையை விரித்துக் காட்டியதை இன்றுதான் பார்த்தேன். அத்தனை உயரமான ஆள் அம்மா என்று எனக்குத் தெரியாது. என் தோளுக்குத்தான் இருப்பாள்.

வெளியே வந்தாள். "கீழ் ரூம்ல, ஏலப் பட்டியல் டைப் பண்ற எடத்துல உக்காரச் சொல்லிட்டாரு."

"எதுவரைக்கும்?" என்றார் அப்பா.

"அத நான் கேக்கல."

நவம்பர் 22, வெள்ளி

அந்த டீ நல்ல விலைக்குப் போனதாம். ஷைனி அக்கா போனில் சொன்னாள்.

சாயங்காலம் அப்பா ஒரு முழம் மல்லிகைப்பூவோடு வந்தார். இனிமேல்தான் தடை இல்லையே என்று ஆசையாக வாங்கியிருக்கிறார். கல்யாணமானதிலிருந்து வாங்கித் தந்ததே இல்லையாம். அம்மா வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். ரொம்ப அழகாக இருந்தாள். வீடு முழுக்க மல்லிகை. சாப்பிடும்போது மூன்று பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 26, செவ்வாய்

"இப்ப?"

"ரோஜா, பவுடர்."

"இப்ப?"

"மரம்."

அவ்வளவுதான் இன்று.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையில் செண்ட் அடித்துக்கொண்டு அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது பெட்போர்டு ஏற்றத்தில் மழை பிடித்தது. மூடிய கடை ஒன்றின் ஷட்டருக்குக் கீழே ஒதுங்கினோம். கையில் கோஸும் பீட்ரூட்டும். அம்மா வழக்கம்போல என் மணிக்கட்டை இழுத்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன்.

"இரு, சொல்லாத" என்றாள்.

மழை ஷட்டரில் அடித்தது. அம்மா மூச்சை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். நெற்றி சுருங்கியது.

"இந்த செண்டு செண்டுமல்லி எலை மாதிரி இருக்கேடா. கசக்குனா விரல்ல பச்சையா, ஒரு கசப்பா ஒட்டிக்குமே, அது. ரோஜாவுக்கு அடில. இத நீ ஒரு நாள்கூடச் சொன்னதில்லயே?"

நான் சொன்னதே இல்லை. பவுடர் சொல்லியிருக்கிறேன், பஞ்சு சொல்லியிருக்கிறேன், பாசி, மரம், மேகம் சொல்லியிருக்கிறேன். செண்டுமல்லி இலை என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது.

என் மணிக்கட்டை நானே முகர்ந்தேன். ரோஜா இருந்தது. கீழே போனேன். பவுடர். அதற்கும் கீழே, மெல்லிய நரம்பு போல, பச்சையாக, கசப்பாக.

இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

"ம்மா" என்றேன்.

அவள் மறுபடி குனிந்தாள். இழுத்தாள். கொஞ்சம் காத்திருந்தாள்.

"போயிடுச்சு" என்றாள். ஆனால் என் கையை விடவில்லை. முகமெல்லாம் மழையும் கண்ணீரும் சிரிப்பும். "போனாப் போகட்டும். வந்துச்சுல்ல? நீயும் பாத்தல்ல?"

"பாத்தேன்மா."

"பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம்தான்."

"சாருவுக்குப் போன் போடு" என்றாள். "இன்னொண்ணு அனுப்பச் சொல்லு. பெருசா."